வைப்பர் மோட்டாரில் ஒரு மூச்சு மெசின்

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்த காலத்தில் எங்கள் தோட்டத்து ஸ்டோர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்துக்குக் கொவிட் தெரியுமா, ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு மலையேறிப் பறித்தார்கள், நாங்கள் வாட்டினோம், அரைத்தோம். கீழே றொசல்ல ஸ்டேஷனில் ரயில் வராத தண்டவாளத்தில் மாடுகள் மேய்ந்தன. அவற்றுக்கு அப்படியொரு நல்ல காலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

நான் அந்த ஸ்டோரில் எலக்ட்ரீஷியன். என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பத்துக்குப் பத்து அறையில் குப்பி விளக்கில் படித்து நேர்ஸ் ஆனவள் என்பதால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருமுறை இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். வாய் நீளமாக இல்லாவிட்டால் நானும் இன்றைக்குக் கூடை தூக்கிக்கொண்டு இருந்திருப்பேன் என்று ஒரே போடாகப் போட்டாள்.

நோய் பரவ ஆரம்பித்ததும் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கினாள். வீட்டில் நானும் என் சமையலும்தான். தினமும் டியூட்டி முடிந்து வீடியோவில் கூப்பிடுவாள். கன்னத்திலும் மூக்கிலும் முகக்கவசம் அழுத்திய தடம் இருக்கும். என்ன சமைத்தீர்கள் என்று கேட்பாள், சட்டியைக் காட்டச் சொல்வாள், காட்டினால் சிரிப்பாள். இப்படிச் சிரித்துக்கொண்டே ஒருநாள் அந்த விஷயத்தையும் சொன்னாள்.

மூச்சு விட முடியாமல் போகிறவர்களைக் கண்டிக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸில் வைத்துக் கொண்டுபோக ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு செயற்கைச் சுவாச மெசின்தான் இருக்கிறது. அது ஒரு நோயாளியோடு போயிருக்கும் நேரத்தில் இன்னொருவருக்கு மோசமானால் கைதான் மெசின். அம்பு பை என்று ஒன்று இருக்கிறது. நல்ல பப்பாளிப்பழம் அளவுக்கு ரப்பர் பை. அதைத் தொண்டைக்குள் போட்ட குழாயில் மாட்டி, அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் பை தானாக உப்பிக்கொள்ளும். அமுக்குவது, விடுவது, அமுக்குவது, விடுவது. கண்டி போய்ச் சேரும்வரை அதுதான் வேலை. நோயாளியின் தலைமாட்டில் ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு, கண்டிப் பாதையின் கினிகத்தேனை வளைவுகளில் மறு காலை எதிர்ச் சீட்டில் முட்டுக்கொடுத்து இவள் அமுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர்கள் விடுகிற மூச்சு முழுக்க இவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தானே வெளியே வருகிறது? பிளாஸ்டிக் உடுப்பு போட்டால் ஆயிற்றா? இதைக் கேட்டதற்கு, அதெல்லாம் பார்த்தால் நேர்ஸ் வேலை செய்ய முடியுமா என்று போனை வைத்துவிட்டாள். நான் சோற்றை மூடி வைத்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் போனைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் மலிவு விலையில் சுவாச மெசின் செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பிள்ளைகள் செய்தார்கள், கார் கம்பெனிக்காரர்கள் செய்தார்கள், யாரோ ஒரு புண்ணியவான் மரப்பலகையில் செய்தார். எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான்: அந்த ரப்பர் பையைக் கைக்குப் பதில் ஒரு மோட்டார் அமுக்க வேண்டும். எனக்கு மோட்டார் தெரியும். மெசின் பையை அமுக்கினால் இவள் ஆம்புலன்ஸ் கதவுப் பக்கம் தள்ளி உட்காரலாம். நாட்டைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் எனக்குச் சத்தியமாக இல்லை. என் பெண்டாட்டியை அந்தத் தலைமாட்டிலிருந்து நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

விஷயத்தை முதலில் பட்டறை அண்ணனிடம் சொன்னேன். எங்கள் ஸ்டோர் பட்டறையின் ஃபிட்டர் அவர். ஆள் நல்ல உயரம், வாயில் எப்போதும் வெற்றிலை, கைவேலையில் கர்வம். அவர் செய்த சாமானை யாராவது குறை சொன்னால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். என் மனைவி மட்டும் இதற்கு விலக்கு. அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியதால் அவள் சொல்லும் குறையை மூன்றே நாளில் மன்னித்துவிடுவார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து பின்பக்கம் போனார். துருப்பிடித்துக் கிடந்த பழைய கொழுந்து லொறியின் மூக்கைத் திறந்து வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

அதன் பிறகு வேலை முடிந்த மாலைகள் எல்லாம் பட்டறையில்தான். டீமேக்கர் ஐயா, அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரி, கண்டும் காணாதது போல் இருந்தார். அண்ணன் இரண்டு பலகைக் கைகள் செய்தார். அவற்றுக்கு நடுவில் பை. மோட்டாரின் முனையில் முட்டை வடிவில் ஒரு சக்கரம். சக்கரம் சுற்றும்போது மேடான பக்கம் வந்தால் கைகள் நெருங்கும், பள்ளமான பக்கம் வந்தால் விலகும். பை வேண்டுமே? பயிற்சிக்கு வைத்திருந்து கிழிந்துபோன ஒன்றை என் மனைவி பெரிய மிஸ்ஸியிடம், அதாவது தலைமை நேர்ஸிடம், கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கு டியூப் ஒட்டுப் போட்டோம். நுரையீரலுக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் பொலித்தீன் உறை. காற்று போனால் பூரி மாதிரி உப்பியது. எங்களுக்கு ஒரே குஷி.

வேகம்தான் வழிக்கு வரவில்லை. வைப்பருக்கு மழையைத் துடைக்கிற அவசரம், நுரையீரலுக்கு அந்த அவசரம் கிடையாது. மோட்டாரை மெதுவாக்க நான் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தேன். ஆனால் எவ்வளவு மெதுவாக? அண்ணன் பட்டறை மேசையில் மல்லாந்து படுத்து, நான் தூங்குறேன் நீ மூச்ச எண்ணிக்க என்றார். சொன்னபடியே தூங்கிவிட்டார். அவர் விட்ட மூச்சுக்கு மெசினைச் சரிசெய்து மனைவிக்கு வீடியோவில் காட்டினேன். பக்கத்தில் அண்ணன் விட்ட குறட்டையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அது மூச்சே இல்லை, அதுவே ஒரு வியாதி, அண்ணனை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுச் சரியான கணக்கை அவளே சொல்லிக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவளுக்கு லீவு கிடைத்தது. பரிசோதனை செய்து, தனியே இருந்து, வீட்டுக்கு வந்தவள் என்னைச் சரியாக ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெசினைக் காட்டுங்கள் என்றாள். பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் அதற்கென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வந்ததும் வராததுமாக அவள் சக்கரத்தின்மேல் விரலை வைத்து எடுத்தாள். விரல் முழுக்க கிரீஸ். அண்ணன் தாராளமாகப் பூசியிருந்தார். மெசின் என்றால் கிரீஸ் போடாமல் அவருக்குக் கை நிற்காது. ஆக்சிஜன் பக்கத்தில் கிரீஸ் இருந்தால் நோயாளிக்கு மூச்சு வராது, நெருப்புதான் வரும் என்று அவள் விளக்கினாள். அண்ணன் ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். ஒரு பச்சைக் குழந்தையின் சட்டையைக் கழற்றி மழையில் விடுகிறவர் போல் அவ்வளவு வருத்தத்தோடு துடைத்தார்.

பிறகு மெசினை ஓட்டினோம். டக், புஸ். டக், புஸ். அழகாக ஓடியது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியே ஓடட்டும், நீங்கள் டீ குடியுங்கள் என்றாள். நாங்களும் பாலில்லாத பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு, மெசினுக்கு முதுகைக் காட்டியபடி வாசல் பக்கம் உட்கார்ந்தோம். இது எங்கள் ஸ்டோர்க்காரர்களின் பழக்கம். கொழுந்து அரைக்கும் ரோலர் ஓடும்போது யாரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. காதுதான் எங்களுக்குக் கண். சத்தம் சரியாக இருந்தால் மெசின் சரி, மெசின் சரியாக இருந்தால் தேயிலை சரி. சத்தத்தில் ஒரு இழை மாறினாலும் பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுவோம். அன்றைக்குச் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் தேர்தல் கதை ஒன்றை ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்க ஆளு எப்புடி இருக்காரு?" என்று பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"நல்லா ஓடுது தங்கச்சி" என்றார் அண்ணன், திரும்பாமலேயே.

"மெசினக் கேக்கல. ஆளக் கேட்டேன்."

திரும்பிப் பார்த்தோம். குழாய் அவள் கையில் இருந்தது. எப்போது கழற்றினாளோ தெரியாது. பொலித்தீன் உறை மேசையில் சப்பென்று ஒட்டிக் கிடந்தது. மெசின் அது பாட்டுக்கு டக், புஸ் என்று காற்றைப் பட்டறைக்குள் ஊதிக்கொண்டிருந்தது. சத்தம் அதே சத்தம்.

"அவரு செத்து ரொம்ப நேரமாச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னும் டீ குடிச்சு முடிக்கல" என்றாள்.

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நான் அந்தச் சப்பிய உறையையே பார்த்தேன். அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மெசினை நிறுத்தினார். இந்தத் தடவை அவருக்குக் கோபமும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் திரும்பி டியூட்டிக்குப் போன பிறகு மறுபடி ஆரம்பித்தோம். குழாய் கழன்றால், காற்றழுத்தம் விழுந்தால், மெசின் கத்த வேண்டும். அழுத்தம் பார்க்கிற சுவிட்சை நான் செய்தேன். கத்துவதற்கு அண்ணன் ஒரு ஆட்டோ ஹார்னைக் கொண்டுவந்து பூட்டினார். முதல்முறை அது கத்தியபோது டீமேக்கர் ஐயா பங்களாவிலிருந்து ஓடி வந்துவிட்டார். ஸ்டோருக்குள் ஆட்டோ புகுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

மெசின் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே இருந்த டாக்டர் அம்மா சிங்களவர். ஹார்ன் சத்தம் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தாராம். அனுமதி இல்லாத சாமானை வார்டில் மாட்ட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் பாதி வழியில் அமுக்குகிற கை ஓய்ந்துவிட்டால் ஒன்றும் இல்லாததற்கு இது இருக்கட்டும், மெசின் உங்களிடமே இருக்கட்டும், அவசரம் என்றால் சொல்லி அனுப்புகிறேன் என்றும் சொன்னார். அண்ணனுக்கு அது போதும். லயம் லயமாகப் போய், உள்ளே போகக் கூடாதே, தூரத்தில் நின்றே, மெசின் பாஸாகிவிட்டது என்று கத்திச் சொன்னார். தனக்கு நோய் வந்தால் தன்னை அதில்தான் போட வேண்டும் என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார். உங்களுக்கெல்லாம் எங்கே வரப்போகிறது, வெற்றிலை நாற்றத்துக்கே கிருமி ஓடிவிடும் என்றேன் நான்.

வந்தது. முதலில் காய்ச்சல், பிறகு இருமல். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்துவிட்டுப் படுத்திருந்தவரைத் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, ஹார்ன் ஒயரை ஒரு தடவை பார்த்துக்கொள் என்றார். அதற்கடுத்த நாட்களில் மூச்சு இறங்கிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். உடனே கண்டிக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் மெசின் வேறொரு நோயாளியோடு கண்டிப் பாதையில் இருக்கிறது, அது திரும்பி வரும்வரை அண்ணன் தாங்க மாட்டார். டாக்டர் அம்மா சொல்லிவிட்டார், மெசினைக் கொண்டு வாருங்கள் என்றாள்.

டீமேக்கர் ஐயாவின் வண்டியில், மெசினை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கேட்டில் நின்றேன். வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஒரு உருவம் வந்தது. நடையைப் பார்த்து அவள்தான் என்று கண்டுகொண்டேன். கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"டாக்டர் போடலாங்குறாங்க. இங்கேர்ந்தே மாட்டிறவா, கை ஓஞ்சா மட்டும் மாட்டவா? செஞ்சவரு நீங்க. நீங்க சொல்லுங்க."

இத்தனை நாளும் நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். இங்கேயே மாட்டு, நீ கதவுப் பக்கம் போய் உட்கார் என்று சொன்னால் தீர்ந்தது. அதற்காகத்தானே அத்தனை மாலைகளும்? ஆனால் உள்ளே படுத்திருந்தது பொலித்தீன் உறை இல்லை. குழாய் கழன்றால் ஹார்ன் கத்தும், சரி. வளைவில் வண்டி சாயும்போது பை பலகைக் கைகளுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனும் பார்த்திருக்கிறார். ஒரு வார் வைத்துக் கட்டியிருந்தோம், ஆனாலும் நழுவும். அப்போது காற்று நிற்காது, குறையும். ஹார்னுக்கு அது தெரியாது. சத்தமும் மாறாது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒருத்திக்குத்தான் தெரியும்.

"மெசின் வேணாம்" என்றேன். "நீயே அமுக்கு. அண்ணனப் பாத்துக்கிட்டே அமுக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் தெரிந்தது. இவ்வளவு நாள் நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வேகமாக உள்ளே போனாள். ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போனபோது உள்ளே அவள் தலைமாட்டில் குனிந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டோரமாக உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காவல்காரர் வந்து இங்கே உட்காரக் கூடாது என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

கண்டியிலிருந்து கூப்பிட்டாள். அண்ணனை ஒப்படைத்தாயிற்று, உயிர் இருக்கிறது என்றாள். அமுக்கி அமுக்கி விரல் மடங்கவில்லை, டிரைவர்தான் போனைக் காதில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஒரு வளைவுக்கு ஒரு சாமியாக எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன், இனி வேண்டுதலுக்கே உங்கள் சம்பளம் காணாது என்றாள். அவள் வாய் அவளுடையதுதான் என்பதில் எனக்கு நிம்மதி.

அந்த வாரக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வார்டிலிருந்து வந்ததா, அண்ணனிடமிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அவளும் அதைப் பேசவே இல்லை. எனக்குத்தான் தூக்கம் போனது. சிகிச்சை நிலையத்திலிருந்து போனில் என்னை ஏவிக்கொண்டே இருந்தாள்: செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், குசினி ஜன்னலைச் சாத்துங்கள், அந்தச் சட்டையைத் துவையுங்கள். அவள் ஏவ ஏவ எனக்குத் தெம்பு வந்தது. ஏவாமல் இருந்த இரண்டொரு நாள் என் உயிர் என்னிடத்தில் இல்லை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். இளைத்துப்போய் வீட்டுக்கு வந்தாள்.

அண்ணனும் பிழைத்தார். கண்டியில் வெகு நாள் கிடந்து, பாதி ஆளாகத் திரும்பினார். ஆனால் வந்தவர் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டோரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஷயம் என்ன என்று விசாரித்தால், ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லியிருக்கிறார்: மெசின் கேட் வரை வந்தது, ஆனால் மாட்டவில்லை என்று. அண்ணனுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. உயிர் பிழைத்ததைவிட அதுதான் அவருக்கு உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் அவரே வந்துவிட்டார். முகக்கவசத்தோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏந்தம்பி, நாஞ் செஞ்ச மெசினு மேல உனக்கே நம்பிக்க இல்லயா?" என்றார்.

நான் மென்று விழுங்கினேன். ஆஸ்பத்திரி அனுமதி அது இது என்றேன், பேட்டரி சார்ஜ் போதவில்லை என்றேன். என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. அதற்குள் என் மனைவி பிளேன்டீயோடு வெளியே வந்தாள். தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"டாக்டர் போடத்தான் சொன்னாங்கண்ணே. இவருதான் வேணாம்னுட்டாரு. என்னய அமுக்கச் சொன்னாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த மெசினை எதற்காக, யாருக்காக ஆரம்பித்தேன் என்று உலகத்தில் முதலில் தெரிந்தவர் அவர்தான். தம்ளர் கையில் அப்படியே இருந்தது. ஆவி போய்க்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒனக்கும் வந்துச்சாமே தங்கச்சி. இப்ப தேவலையா?"

"தேவலண்ணே. வாசம்தான் ஒண்ணும் தெரியல. இந்த டீயக்கூடப் பச்சத்தண்ணி மாதிரிதான் குடிக்கிறேன்."

அவ்வளவு பெரிய மனிதர் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி, டீ ஆறிவிட்டது, வேறு ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்று தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.